மூன்றாம் நாள் குளித்துவிட்டால் முடிந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில், மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கலாம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ‘மூன்று முதல் ஐந்து நாள்’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரி போதாது என்பதால்தான் இந்தக் கடிதம். திருவாரூர் பக்கக் கிராமங்களில் 26 வருடம் சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போனவள் நான். இரண்டே நாளில் நின்றுவிடுகிறதே என்று பயந்து அழுத பெண்ணையும் பார்த்திருக்கிறேன், பன்னிரண்டு நாள் போயும் வாய் திறக்காத பெண்ணையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு பேருக்குமே அந்தப் பதில் உதவாது.

இரண்டு நாளில் நின்றாலும் சரி, ஏழு நாள் வரை போனாலும் சரி, இயல்புதான். ஏழைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை 21 முதல் 35 நாள் இருக்கலாம். எல்லோரும் சொல்கிற 28 ஒரு சராசரி, அவ்வளவுதான். 24 நாளுக்கு ஒருமுறை வருகிறவளும் 33 நாளுக்கு ஒருமுறை வருகிறவளும் ஆரோக்கியமாகவே இருக்கலாம். ஒரு மாதம் நாலைந்து நாள் முன்பின் ஆவதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை நம் வீடுகளில் யாரும் சரியாக எண்ணுவதே இல்லை. ‘கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே?’ என்றுதான் நாங்கள் கேட்போம், அவர்களும் குளித்த தேதியைத்தான் சொல்வார்கள். முதல் உதிரம் பட்ட தேதி யாருக்கும் நினைவில் இருக்காது. மூன்றாம் நாள் தலைக்குக் குளித்து அடுப்படிக்கு வந்துவிட்டால், வீட்டைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் போகிற இரத்தம் யார் கணக்கிலும் வராது. இன்னும் நிற்கவில்லை என்று சொன்னால் மறுபடி ஒதுங்கி உட்காரச் சொல்வார்களோ என்று அவளும் சொல்லமாட்டாள்.

அப்படிச் சொல்லாமல் இருந்த ஒருவரை என்னால் மறக்க முடியாது. 43 வயது, நடவுக்குப் போகிறவர். நான் தடுப்பூசிப் பதிவேட்டோடு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பச்சரிசியை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இந்தப் பழக்கம் என்று கேட்டேன். ஒரு வருஷமாக என்றார். கையை வாங்கிப் பார்த்தேன். நகமெல்லாம் வெளுத்து, நடுவில் குழிந்திருந்தது. இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு அரிசி, மண், சாம்பல் தின்னத் தோன்றும். அப்புறம்தான் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டேன். பத்து நாள், சில மாதம் பதினைந்து நாள். பழைய புடவையை நாலாக மடித்து வைத்தும் நனைந்துவிடும் என்றார். ‘நிக்கிற வயசுதானே, அப்படித்தான் இருக்கும்னு எங்க மாமியார் சொன்னாங்க.’ பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 6.2. குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் காரணம் என்று முருங்கைக்கீரையோடு நிறுத்திவிடுகிறோம். எவ்வளவு போகிறது என்றும் கேட்க வேண்டாமா? இந்த மிகையான போக்குக்கு நம் வைத்தியத்தில் பெயரே உண்டு: பெரும்பாடு. பழைய காலத்திலேயே இதை நோய் என்று தெரிந்து பெயர் வைத்திருக்கிறார்கள். நாம்தான் ‘உடம்புச் சூடு’ என்று மோர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் நாளோடு சேர்த்து அளவையும் எழுதுங்கள். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்திலேயே முழுக்க நனைந்து, அடுத்தடுத்த மணிகளிலும் அப்படியே போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது, படியேறினால் மூச்சு வாங்குவது, இவையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோடு இரத்தம் பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

வயதுக்கு வந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45 நாள்வரை இடைவெளி விழலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராவிட்டாலோ, 15 வயது முடிந்தும் வயதுக்கு வராவிட்டாலோ காட்ட வேண்டும். முதல் தடவையிலிருந்தே கொட்டுகிற பிள்ளைக்கு இரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது நிற்காமல் போனதா என்று அம்மாக்கள் யோசித்துப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு அடியோடு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதனை வேண்டும். ‘மறுபடி வந்திருக்கு, உடம்பு தெம்பாயிடுச்சு’ என்று சந்தோஷப்பட்ட பாட்டி ஒருவரை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்த வயதில் முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

டாக்டரிடம் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் போகாதவர்கள்தான் அதிகம். தைராய்டு கோளாறாக இருந்தால் அதற்கு மாத்திரை போதும். போக்கைக் குறைக்கவும் மாத்திரைகள் உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் சிறு சாதனமும் உண்டு. எடுக்க வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரையும் கேட்கலாம். நான் சொன்ன அந்த நடவுக்காரருக்குக்கூடக் கட்டியை மட்டும்தான் எடுத்தார்கள். இப்போது அவர் வீட்டு நாள்காட்டியில் தொடங்கும் தேதியைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம், நிற்கும் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்து நாள்.

அடுத்த இதழில் அந்தக் கேள்விக்கு ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு அரைப் பக்கமாவது ஒதுக்கி பதில் போடுங்கள், ஆசிரியர் அவர்களே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்