பழைய மருந்து, புதிய இலக்கு

அன்புள்ள கதிரேசனுக்கு,

எழுபது ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு நாங்கள் எழுதிக்கொடுப்பதெல்லாம், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் வந்து பொருந்தும் ஏற்பியை அடைக்கும் மருந்துகள்தாமே, மருந்தியல்காரர்களாகிய நீங்கள் அத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1952இல் பாரிசில் டிலே, டெனிக்கர் என்னும் மனநல மருத்துவர்கள் குளோர்ப்ரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது மூளையில் எதைத் தொடுகிறது என்று அவர்களுக்கும் தெரியாது. மருந்து முன்னே வந்தது. அதன் இலக்கு டோபமைன் ஏற்பிகளில் ஒரு வகையான டி2 என்பது 1970களின் நடுவில்தான் உறுதியாயிற்று. பிறகு வந்தவர்கள் அந்த ஒரே பூட்டுக்கு விதவிதமாகச் சாவி செய்துகொண்டிருந்தோம்.

2024 செப்டம்பரில் மனச்சிதைவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸானோமெலின் டி2 ஏற்பியை நேரடியாகத் தொடுவதில்லை. அசெட்டைல்கோலின் என்னும் வேறொரு செய்திப்பொருளுக்கு உரிய மஸ்கரினிக் ஏற்பிகளில் எம்1, எம்4 என்னும் இரண்டைத் தூண்டுகிறது. இதுவும் திட்டமிட்டுக் கிடைத்ததன்று. 1990களில் அல்சைமர் நோயாளிகளின் நினைவாற்றலுக்காகச் சோதிக்கப்பட்டபோது, அவர்களுடைய சந்தேகமும் மாயக்காட்சிகளும் கூச்சலும் குறைவதைச் சோதனை நடத்தியவர்கள் கவனித்தார்கள். ஆனால் அதே ஏற்பிகள் குடலிலும் வியர்வைச் சுரப்பியிலும் இருப்பதால் வாந்தியும் வியர்வையும் நோயாளிகளைப் பாடாய்ப்படுத்தின. மருந்து பல ஆண்டுகள் மூலையில் கிடந்தது. மூளைக்குள் அநேகமாக நுழையாத டிராஸ்பியம் என்னும் சிறுநீர்ப்பை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஏற்பிகளை உடலில் அடைத்து, மூளையில் மட்டும் தூண்டலாம் என்ற யோசனைதான் அதை மீட்டது. நம் மாணவப் பருவத்துத் தேர்வில் யாராவது இப்படி எழுதியிருந்தால், ஒரே ஏற்பியைத் தூண்டவும் அடைக்கவும் ஒரே மாத்திரையா என்று பேராசிரியர் முகம் சுழித்திருப்பார்.

அதற்காக வழி திறந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. எம்4 ஏற்பியை மட்டும் குறிவைத்த எம்ராக்ளிடின் என்னும் மருந்து அதே ஆண்டு நவம்பரில் இரண்டு சோதனைகளில் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, டார்1 (TAAR1) என்னும் வேறொரு ஏற்பியைக் குறிவைத்த உலோடரான்ட் மருந்தின் சோதனையில் போலி மருந்து எடுத்தவர்களும் வெகுவாகத் தேறிவிட்டதால் வேறுபாடே தெரியவில்லை. காதில் குரல் கேட்கிறது என்று எலி சொல்லாது. ஆகவே ஆய்வகத்தில் தேறிய இலக்கு வார்டில் வழுக்குகிறது. மரபணுவை நம்பலாம் என்பவர்கள் 2022இல் வெளியான பட்டியலைக் காட்டுகிறார்கள். அதில் மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்கள் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. அவற்றில் எதை மாத்திரையால் தொடலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னொரு தலைமுறை உழைக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இதுவரை கிடைத்த பெரிய திறப்புகள் இரண்டும் நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்தவர்களின் கண்ணில் பட்டவை என்பதால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ இளம் மருத்துவராக இருந்த நாளிலிருந்து எழுதிவரும் குறிப்பேடுகளில், குரல்கள் அடங்கிய பிறகும் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எழுதியிருப்பாய். வேறு ஏதோ நோய்க்குக் கொடுத்த மருந்தால் அவர்களில் எவரேனும் எழுந்து வந்து பேசியதுண்டா? பெயர்களை விட்டுவிட்டு, மருந்தையும் மாற்றத்தையும் மட்டும் எழுது.

அன்புடன்,
சிவராமன்