நோட்டுகளை உலர்த்திக் கொடுத்த கைகளுக்கு

அன்றிரவு ஆய்வகத்தில் தீப்பிடித்ததை மறுபடி எழுதத் தெம்பில்லை. தெரிய வேண்டியவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். யாருக்கும் காயமில்லை, அது போதும். மனசு கொஞ்சம் அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

தீயணைப்பு வீரர்கள், எந்த அலமாரியில் எந்தக் கரைப்பான் இருக்கிறது என்ற பட்டியலோடு அவர்களிடம் ஓடிய ஆய்வு மாணவர்கள், விடியும்வரை கேட்டருகிலேயே நின்ற காவலாளி அண்ணன், வெற்றிட பம்பை இரவலாகத் தந்த பக்கத்துக் கல்லூரி நண்பர்கள், ஏற்காட்டிலிருந்து சோறும் குழம்புமாக இறங்கி வந்த பழைய மாணவி எல்லோருக்கும் என் கும்பிடு.

ஆனால் நான் முக்கியமாக எழுத வந்தது சேகோ ஆலையில் ஜவ்வரிசி உலர்த்தும் களத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கு.

தீ தொடாத நோட்டுகளைத் தண்ணீர் தொட்டுவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எழுதி வந்த ஆய்வக நோட்டுகள் அவை. கட்டுரைகள்தான் அச்சில் இருக்கின்றனவே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். கட்டுரையில் பலித்தது மட்டும்தான் இருக்கும். பலிக்காதது முழுவதும் நோட்டில்தான் இருக்கிறது.

நம்மூர் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மேக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். அந்தப் பொடியின் மேற்பரப்புக்குக் காரத்தன்மை உண்டு. ஒரு மூலக்கூறிலிருந்து புரோட்டானைப் பிடுங்கி, அந்த மூலக்கூறை இன்னொன்றோடு சேர்த்துப் புதிய கார்பன்-கார்பன் பிணைப்பை உண்டாக்கும் வினையூக்கியாக உதவும். வேலை முடிந்ததும் வடிகட்டி, மறுபடி சூடேற்றி, திரும்பப் பயன்படுத்தலாம். எஃகு உலைச் செங்கலுக்கு இதே கல்லை 1500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுடுவார்கள். அந்தச் சூட்டில் துகள்கள் இறுகி, பரப்பு சுருங்கி, வினையூக்கியாக அது செத்தேபோகும். சூடு குறைந்தால் மாறாத கல், அதாவது கார்பனேட், மிச்சம் நிற்கும். சரியாகச் சுட்டு எடுத்தாலும் மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மந்தமாகிவிடும். எந்தச் சூட்டில் எது கெட்டது என்பதற்கெல்லாம் அந்த ஈர நோட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

வராந்தாவில் அவற்றைப் பிரிக்கத் தெரியாமல் நின்றபோது, ஆய்வு மாணவி ஒருத்தி தன் அம்மாவுக்கு போன் போட்டாள். அம்மா சேகோ களத்தில் வேலை செய்பவர். மதியத்துக்குள் நோட்டுகள் மினி ஆட்டோவில் ஆலைக்குப் போய்விட்டன. நல்ல வெயில் அடிக்கிற நாளில் களத்தில் ஓரிடம்கூடக் காலியாகக் கிடைக்காது. ஆலைக்காரர் கூரை போட்ட பகுதியை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் நோட்டை வெயிலில் விரிக்கப் போனேன். ஒரு பெரியம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். "வெயில்ல போட்டா சுருண்டுக்கும் சாமி. நிழல்ல, காத்து வர்ற பக்கமாப் போடுங்க." பழைய வேட்டிகளை விரித்து, ஒட்டிக்கொண்ட தாள்களை மூலையிலிருந்து ஊதி ஊதிப் பிரித்தார். ஈர ஜவ்வரிசி கட்டி தட்டாமல் பார்த்துப் பழகிய விரல்கள், ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை. ஜெல் பேனாவில் எழுதியது கரைந்து ஓடியிருந்தது, பால்பாயின்ட் எழுத்து அப்படியே இருந்தது. பக்க வரிசை கலைந்துவிடக் கூடாதென்று நோட்டு நோட்டாகப் பிரித்து வைத்து, ஓரங்களில் கூழாங்கல் வைத்தார்கள். சாயங்காலம் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று பணத்தை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

"இதுல என்ன சாமி எழுதியிருக்கு?" என்று அந்தப் பெரியம்மா கேட்டார். வெள்ளைக்கல்லைச் சுட்டுப் பார்த்த கணக்கு என்றேன். "நம்ம கல்லா?" என்று இன்னொரு தரம் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என் ஆய்வை அவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை.

அப்புறம் ஒரு வாக்கு. உலர்ந்த பக்கங்களை மாணவர்களும் நானும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். பலிக்காத வினைகளைத் தனியாகத் தொகுத்து, சூடு, நேரம், கரைப்பான், விளைச்சல் எல்லாவற்றோடும் துறை நூலகத்தில் வைப்பேன். எந்தக் கல்லூரி மாணவர் வந்து கேட்டாலும் கிடைக்கும். ஆய்வகம் திறக்கும் அன்று களத்துப் பெண்கள் எல்லோரும் வர வேண்டும். ஆலைக்காரரிடம் லீவு கேட்டாயிற்று, சரி என்று சொல்லிவிட்டார்.