மறுகாலையும் கணக்கில் எடுங்கள்: கால்நடை மூட்டு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்நடை மூட்டு ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் நாய்க்கு இடது பின்னங்காலிலும் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று போன வாரம் டாக்டர் சொன்னார். வலது காலில் டிபிஎல்ஓ என்ற, எலும்பை வெட்டித் திருப்பி வைக்கும் அறுவை முடிந்து 14 மாதம்தான் ஆகிறது.

டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். தரையில் அவள் நடக்கும்போது நகச்சத்தத்தில் ஒன்று குறைந்திருந்தது. உட்காரும்போது இடது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறாள். படிக்கட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். ஏறவில்லை, திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். போன முறையும் இப்படித்தான் பார்த்தாள்.

நாய்களில் இந்த ஜவ்வு பெரும்பாலும் அடிபட்டு அறுவதில்லை, மெல்ல மெல்ல நைந்துதான் அறுகிறது. ஒரு காலில் ஜவ்வு போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறுகாலிலும் போகிறது. இவை நீங்கள் கண்டறிந்து எழுதியவைதானே? பிறகு ஏன் இத்தனை ஆய்வுகள் அறுவை செய்த காலை மட்டும் பார்த்துவிட்டு, ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ கோப்பை மூடிவிடுகின்றன? எங்கள் நாயும் ஆறாவது மாதத்தில் அருமையாக ஓடினாள். அந்தக் கணக்கில் அவள் குணமானவள்.

முழங்காலுக்குக் கீழே உள்ள டிபியா எலும்பின் மேல்தளம் நாய்களில் பின்பக்கமாகச் சராசரியாக 24 டிகிரி அளவுக்குச் சரிந்திருக்கிறது. அதை வெட்டித் திருப்பி 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால், காலை ஊன்றும்போது எலும்பு முன்னால் வழுக்காது. கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட இந்த டிபிஎல்ஓ முறைக்கு நான் நன்றிக்கடன்பட்டவன். இன்று அவள் ஊன்றி நிற்பதே அந்தக் காலில்தான். ஆனால் எந்த அறுவை நல்லது என்று வாதாடுவதற்குச் செலவான உழைப்பில் பாதியாவது, ஜவ்வு ஏன் நைகிறது, நையாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு வரக்கூடாதா?

1973-இல் பாண்ட், நுகி என்ற இருவர் நல்ல நாய்களின் ஜவ்வை வேண்டுமென்றே அறுத்து மூட்டுத் தேய்மானத்தை ஆராய்ந்தார்கள். மனிதரின் மூட்டுநோயைப் புரிந்துகொள்ள அந்த வழியைப் பலரும் பின்பற்றினார்கள். நம் முழங்காலுக்காக நாய்கள் கொடுத்த விலை அது. மாடுகளின் நிலை இதைவிட மோசம்: ஜவ்வு அறுந்த மாட்டைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறார்கள், அதோடு யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அறுவை செய்த காலோடு மறுகாலையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். நாய் உயிரோடு இருக்கும்வரை தொடர்ந்து பாருங்கள். சரியாக வராத கால்களையும் மறைக்காமல் எழுதுங்கள். முதல் கால் போகும்போதே, மறுகாலுக்கு என்ன செய்யலாம் என்று எங்களுக்குச் சொல்ல அப்போதுதான் உங்களிடம் ஏதாவது இருக்கும்.

அடுத்த வாரம் அவளுக்கு இரண்டாவது அறுவை. ஐந்து வருடம் கழித்து எக்ஸ்ரேக்குக் கூட்டிவரச் சொன்னாலும் கூட்டிவருகிறேன். தயவுசெய்து கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
நாய் வளர்க்கும் ஒருவன்