அட்டை கட்டுறதுக்கு முன்னால

ஏல மக்கா,

இத்தனை நாள் கடிதம் போடலன்னு வையாத. வீட்ல எல்லாரும் சௌக்கியம். ஆச்சிக்கு முட்டுவலி தேவல.

பிசான நெல்லுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை, அதான் பூச்சி முட்டைக்குள்ள வளருத குட்டிக் குளவிய ஏத்துன முட்டை அட்டை, கட்டப் போறியாம்லா, கண்டக்டர் சொன்னான். சந்தோசம். ஆனா கையோட மருந்தும் அடிக்கப் போறியாமே? கூலிக்கு ஆள் வச்சிட்டு அவன் கஞ்சில நீயே விஷம் கலக்குத கத! அட்டை கட்டுறதுக்கு ஒரு வாரம் முன்னயும் பின்னயும் வயல்ல மருந்தே கூடாது.

இன்னொண்ணு, அந்தக் குளவி பூச்சியோட முட்டையத்தாம்ல தேடும். குருத்துப்பூச்சிப் புழு தண்டுக்குள்ள போயி நடுக்குருத்து காஞ்ச பெறவு அட்டைக்குச் செலவழிச்சா வெட்டிச் செலவு. விளக்குப்பொறியில அதோட மஞ்ச அந்துப்பூச்சி விழுதா, இலை நுனிப்பக்கம் பழுப்பு மயிர் மூடுன முட்டைக்குவியல் இருக்கான்னு பாரு. குருத்துப்பூச்சிக்குக் கணக்கு, நட்ட 30-ம் நாளும் 37-ம் நாளும். ஏக்கருக்கு 2 சி.சி. முட்டை.

டிரைக்கோகிரம்மாவுலயே ரெண்டு வகை: குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம், இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ். பேரச் சொல்லிக் கேளு, 'குளவி அட்டை'ன்னு பொதுவா கேட்டு நிக்காத. அட்டையில முட்டை கருத்திருக்கணும். வெளுத்துக் கெடந்தா ஒட்டுண்ணி ஏறல. கருத்த முட்டையில ஓட்ட விழுந்திருந்தா குளவி பறந்தாச்சு, உனக்கு மிஞ்சினது காயிதம்.

வரப்போரமா நாலு கட்டிட்டு வீட்டுக்கு வந்திராத, ஒன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்லா. அது அரை மில்லிமீட்டர் உருப்படி, சில மீட்டருக்கு மேல போவாது. துண்டு துண்டா வெட்டி, வயல் முழுக்கப் பரவலா, இலை அடிப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடி. உச்சி வெயில் ஆவாது. எறும்பு கண்டா முட்டையத் தூக்கிட்டுப் போயிரும். இதவிடப் பெரிய வில்லங்கம் நம்மூர் ஐப்பசி, கார்த்திகை மழை. அட்டை நனைஞ்சா போச்சு; வெறிச்ச சாயங்காலமாப் பாத்துக் கட்டு.

உள்ளதச் சொல்லுதேன், மயிர் மூடுன குவியல்ல அடி முட்டை வரைக்கும் இதால முழுசா எட்ட முடியாது. அங்க டெலினோமஸ், டெட்ராஸ்டைக்கஸ்னு வயல்லயே வேற குளவி உண்டு. டெட்ராஸ்டைக்கஸ் புழு ஒண்ணே பல முட்டையத் திங்கும். நீ அடிக்குத மருந்து மொதல்ல அதுகளத்தான் காலி பண்ணும். யூரியாவையும் ஒரே மூச்சா கொட்டாத, பயிரு கொழுத்தா குருத்துப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

கட்டுன பெறவு நாலஞ்சு முட்டைக்குவியலக் கிள்ளி, குப்பியில போட்டுப் பஞ்சால அடச்சு வையி. புழு எத்தன, குளவி எத்தன வருதுன்னு எண்ணி எழுது. குளவி கூடுதலா வந்தா மருந்துக்கடைப் பக்கமே போவாத.

அத்தான் மதினியக் கேட்டதாச் சொல்லு.

இப்படிக்கு,
ஒன் மக்கா