வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்துங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரப் பள்ளிகளிலிருந்து தரங்கம்பாடிக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயணத் திட்டம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். காலையில் பூம்புகார், அடுத்து திருக்கடையூர், பிறகு தரங்கம்பாடி, சாயங்காலம் நாகூர், இருட்டியபின் வேளாங்கண்ணி. எங்கள் பங்குக்குக் கிடைப்பது உச்சிவெயிலில் அரை மணி நேரம். வண்டி கோட்டைத் திடல் அருகே வந்து நிற்கும். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளை ஒரே மூச்சில் தாண்டி, மாடியில் படம் எடுத்துக்கொண்டு, கால் நனைக்க ஓடுவார்கள். ஓடட்டும், கடலைக் கண்டு ஓடாத பிள்ளை உண்டா? ஆனால் மதில் சூழ்ந்திருந்த ஓர் ஊருக்குள் வந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கேட்பது ஒன்றே ஒன்று. வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிள்ளைகளை நடத்திக் கூட்டி வாருங்கள்.

மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. நிலத்தைப் பார்த்த வாயில் மட்டும் நிற்கிறது, 1792இல் கட்டியது. அதன் அடியில் நின்று கிழக்கே பார்த்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போவது தெரியும். பகைவன் நிலவழியே வருவான், சரக்கு கடல்வழியே வரும் என்று கணக்குப் போட்டு அமைத்த ஊர் இது. பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த நடை சொல்லிவிடும்.

தஞ்சைப் பிள்ளைகளுக்கு இது சொந்தக் கதையும் ஆயிற்றே. 1620இல் டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்த ஓவே கெட்டேக்கு இங்கே கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் உங்கள் ஊர் மன்னர் ரகுநாத நாயக்கர். பொன்னேட்டில் எழுதிய அவருடைய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போன பிறகும் சிலர் “வெள்ளைக்காரன் கோட்டை” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலேயர் இந்த ஊரை 1845இல் டேனிஷ்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்! “ஊரை விற்க முடியுமா சார்?” என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், அந்தக் கேள்விக்கே அரை மணி நேரம் கொடுக்கலாம். அதன்பின் வியாபாரமும் ரயிலும் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டன. ஊர் நொடித்தது, பழைய தெருக்கள் தப்பின.

வீதியில் பாதி தூரத்தில் புதிய எருசலேம் ஆலயம், 1718இல் எழுந்தது. சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது அங்கேதான். 1706இல் ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ மதபோதகர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று சொல்வார்கள். டேனிஷ் ஆளுநரோடு பகைத்துக்கொண்டு இதே கோட்டையில் சில மாதம் சிறையும் இருந்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அவர் இறந்தபோது வயது முப்பத்தாறுதான். ஆலயத்தில் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு கோட்டையின் கீழ்த்தளத்து இருட்டறைகளைக் காட்டுங்கள். பிள்ளைகள் தாமாகவே சத்தம் குறைத்துக்கொள்வார்கள்.

கோட்டையோடு நின்றுவிடாதீர்கள். கடலோரமாக வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்தது. டேனிஷ்காரர்களுக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். பூம்புகாரில் கடல்கோள் பற்றிப் பாடம் நடத்திவிட்டுத்தானே வருகிறீர்கள்? கடல் ஓர் ஊரை எப்படித் தின்னும் என்பதை இங்கே கண்ணால் காட்டலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கரையில் உறவுகளை இழந்தவர்கள் இன்னும் இங்கேதான் வாழ்கிறார்கள். அந்தக் கரையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நிழலில் போய் உட்காராதீர்கள் என்பதையும் உரிமையோடு சொல்லிவிடுகிறேன்.

நேரம் இல்லை என்பீர்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். விடிந்ததும் கிளம்பி முதலில் இங்கே வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்துவிடலாம். பூம்புகாரையோ நாகூரையோ அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள். வீதியில் குடும்பங்கள் வசிக்கின்றன, ஆலயங்களில் வழிபாடு நடக்கிறது. ஆகவே பஸ்ஸின் பாட்டுப்பெட்டியை வாயிலுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரங்கம்பாடிவாசி ஒருவன்