நாற்காலி வந்துவிட்டது, ஆள் எப்போது வருவார்?

எங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், உள்ளடக்கிய கல்விப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நடந்த உபகரணம் வழங்கும் முகாமில் என் மகனுக்கு ஒரு நாற்காலி கொடுத்தீர்கள். பையனை மேடைக்குத் தூக்கி வரச் சொன்னார்கள், தூக்கி வந்தேன். போட்டோ எடுத்து முடிக்கும்வரை இறக்க வேண்டாம் என்றார்கள், இறக்கவில்லை. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நாற்காலி நன்றாகத் தெரிந்தது. பையன் முகம் பாதி, யாரோ பிடித்திருந்த சால்வைக்குப் பின்னால்.

நல்ல நாற்காலிதான், குறை சொல்லவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்தது. முன்னால் மேசைப் பலகை, நெஞ்சுக்கு பெல்ட், கீழே கால்தாங்கி எல்லாம் இருக்கிறது. ஆனால் அது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கான அளவு. என் மகனுக்கு ஒன்பது வயது, வயதுக்கு இளைத்த உடம்பு. உட்கார வைத்தால் முழங்கால் மடங்குவதில்லை, இரண்டு காலும் நேராக நீட்டிக்கொள்கின்றன. கால்தாங்கி ஒரு சாண் கீழே நிற்கிறது. நெஞ்சில் இருக்க வேண்டிய பெல்ட் கழுத்தில் வந்து உரசுகிறது. இதை யார் சரிசெய்து தருவார்கள் என்று முகாமிலேயே கேட்டேன். "எடுத்துட்டுப் போங்கம்மா, ஸ்கூல்ல பாத்துக்குவாங்க" என்றார் ஒருவர். பள்ளியில் தலைமையாசிரியர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தத் திருகாணியைக் கழற்றி எங்கே மாட்டுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது இப்போது உடைந்த பெஞ்சுகளோடு சேர்ந்து கடைசி அறையில் இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் என் மகன் 'பயனாளி'.

அந்த நாற்காலியை மாற்றித் தாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. புதிதாக எந்தப் பொருளும் வேண்டாம். ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது சாப்பிடுவது, எழுதுவது, கழிப்பறைக்குப் போவது போன்ற அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்ய வழி காட்டுகிறவர், நாங்கள் ஓ.டி. என்று சொல்கிறவர், மாதம் இரண்டு முறை எங்கள் பள்ளிக்கு வந்து வகுப்பறையில் உட்கார்ந்து என் மகனைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக்கும் வர வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

வட்டார வள மையத்தில் என்ன நடக்கிறது, எந்த இடம் எவ்வளவு காலமாகக் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வாரம் ஒரு நாள் பிசியோதெரபி உண்டு. அங்கே வருகிறவர் அருமையான மனிதர், காலின் விறைப்பைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்கிறார். ஆனால் அந்த ஒரு நாளும் பள்ளி நாளாகவே இருக்கிறது. பையனுக்கு அன்றைய பாடம் போகிறது, எனக்கு அன்றைய கூலி போகிறது. போக்குவரத்துப்படி எப்போது வங்கிக் கணக்குக்கு வரும் என்பது வேறு கதை. சரி, அதையும் பொறுத்துக்கொள்கிறோம். அங்கே நீட்டி மடக்கிய கால் பள்ளிக்கூட பெஞ்சில் எப்படி உட்காருகிறது, கை பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, தட்டிலிருந்து சோறு வாய்க்குப் போகிறதா என்று பார்க்க ஆளில்லை என்பதுதான் பிரச்சினை. அதைப் பார்ப்பதுதான் ஓ.டி.யின் வேலை. பிசியோ சாரிடம் கேட்டால் அவரே சொல்வார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகன் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். முதலில் மறந்துவிடுகிறான் என்றுதான் நினைத்தோம். அப்புறம் அவனே சொன்னான்: "குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா." அவனுக்கு இரண்டு காலும் விறைப்பு, வலது கை மூடியே இருக்கும். இடது கை ஒன்றுதான் சொன்னபடி கேட்கும். சீருடைக் கால்சட்டையில் கொக்கியும் ஜிப்பும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டால் கொக்கியைக் கழற்றக் கையில்லை, கொக்கியைக் கழற்றினால் பிடித்துக்கொள்ளக் கையில்லை. முதல் இரண்டு வகுப்பு வரை ஆயாம்மா உதவினார். இப்போது நாலாம் வகுப்பு. அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. பசங்களும் சிரிக்கிறார்கள். அதனால் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டான். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலரை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் மாறி மாறி வந்தன. டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

எங்கள் பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சாய்தளம் இருக்கிறது, மேற்கத்திய பீங்கான் இருக்கிறது, சுவரில் கைப்பிடிக் கம்பிகூட இருக்கிறது. கம்பி வலப்பக்கச் சுவரில், பெரியவர்களின் தோள் உயரத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் அதைப் பயன்படுத்த வேண்டிய ஒரே பிள்ளைக்கு வலது கை வராது, உயரமும் மூன்றரை அடி. கம்பி பதித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. வரைபடத்தில் இருந்ததைச் செய்திருக்கிறார். யாருக்காகப் பதிக்கிறோம் என்று அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

போன வருடம் வேறு ஊரில் ஓர் ஓ.டி. மேடத்தைக் காசு கொடுத்துப் பார்த்தோம். அரைமணி நேரம்தான். அவர் முதலில் கேட்ட கேள்வியே "பாத்ரூமுக்கு எப்படிப் போறான்?" என்பதுதான். அதுவரை யாருமே அதைக் கேட்டதில்லை. கொக்கியை எடுத்துவிட்டு இடுப்பில் எலாஸ்டிக்கும், ஜிப் இருக்கும் இடத்தில் வெல்க்ரோவும் வைக்கச் சொன்னார். உட்காரும்போது பாதம் தரையில் ஊன்ற ஒரு சின்ன மரப்படி வேண்டும், கம்பி இடப்பக்கம், அவன் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். மணி அடித்து எல்லோரும் ஓடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் டீச்சர் அவனை அனுப்பினால் அவசரமும் இருக்காது, கூட்டமும் இருக்காது என்றார். விலையில்லாச் சீருடை நாலு செட்டையும் எங்கள் தெருத் தையல்காரர் ஒரே நாளில் மாற்றித் தந்தார். டீச்சரும் தங்கமானவர், கேட்ட உடனே முன்னதாக அனுப்பத் தொடங்கினார். இப்போது பாட்டில் பாதியாவது காலியாகி வருகிறது. மீதிப் பாதிக்குத் தடை அந்தக் கம்பிதான். அதை இடம் மாற்றக் கேட்டால், அரசுக் கட்டடத்தில் நாமாகக் கை வைக்க முடியாது, எழுத்துமூலமான பரிந்துரை வேண்டும் என்கிறார்கள். பரிந்துரை எழுத வேண்டியவர் யார்? ஓ.டி. அவர் எங்கே?

ஒரு முறை பார்த்தாயிற்றே, அதுவே போதாதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. பையன் வளர்கிறான். ஒரு வருடம் பொருந்துகிற கம்பியும் மேசையும் அடுத்த வருடம் பொருந்தாது, போன வருடம் போதுமாக இருந்த பிடி இந்த வருடம் போதாது. 'எண்ணும் எழுத்தும்' பயிற்சிப் புத்தகத்தில் எழுதும்போது தாள் நழுவுகிறது, பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. தாளை ஒட்டிவைக்கலாமா, சாய்வுப் பலகை வைக்கலாமா, பெஞ்சில் அவன் ஒருபக்கம் சரிவதை நிறுத்தினாலே எழுத்து திருந்திவிடுமா? அந்த மேடம் சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் 90 பாகையில் நின்று பாதம் ஊன்றினால்தான் கைக்கு வேலை செய்யத் தெம்பு வரும். அப்படிப் பார்த்தால் கையெழுத்துக்கான வைத்தியம் காலடியில் வைக்கும் ஒரு பலகையாக இருக்கலாம். பக்கத்தில் இருந்து பார்க்காமல் இதை யார் சொல்ல முடியும்?

வீட்டுக்கும் வர வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. வள மையத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளாம். படத்தில் ஒரு பெரிய ரப்பர் பந்து, அதன்மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும். அந்தப் பந்தை உள்ளே வைத்தால் நாங்கள் வெளியேதான் படுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது சப்பாத்தி மாவு, உரிக்க வேண்டிய வேர்க்கடலை, பிழிய வேண்டிய துணி, மொள்ள வேண்டிய தண்ணீர். இதில் எது மூடிய விரலைத் திறக்க வைக்கும், எது அவனை வீணாகக் களைப்பாக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கை கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வந்து காட்டினால் தினமும் செய்வேன். தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம், வேலையோடு வேலையாக நடந்துவிடும்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 16ஆவது பிரிவு, அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ப ஏற்பாடு செய்யச் சொல்கிறது. சாய்தளம் கட்டிப் படம் அனுப்பினால் போதும் என்று அதில் எங்கும் இல்லை. மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் இடமிருக்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்றது. எங்கள் வட்டாரத்துச் சிறப்புப் பயிற்றுநரோ தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக ஸ்கூட்டியில் அலைகிறார். எங்கள் பள்ளிக்கு வரும்போது பாதி நேரம் செயலியில் விவரம் ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஆம் தேதி மட்டும் எதிலும் குறை வைப்பதில்லை. பந்தல் உண்டு, வரவேற்பு வளைவு உண்டு, தலைவர்கள் வரும்வரை வெயிலில் காத்திருத்தல் உண்டு. விறைத்த கையோடு என் பிள்ளை எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் நிற்க வேண்டும், விழுந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். இவர்கள் தெய்வத்தின் குழந்தைகள் என்று மைக்கில் ஒருவர் சொல்வார். தெய்வத்தின் குழந்தையாகவே இருக்கட்டும். தெய்வத்தின் குழந்தைக்கும் ஒன்றுக்கு வருமே ஐயா! அந்தப் பந்தல் செலவில் எத்தனை கம்பிகளை இடம் மாற்றலாம் என்று நான் கணக்குப் போடப் போவதில்லை. போட்டால் இந்த மடல் மரியாதையாக முடியாது.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இது நடக்காத காரியம் இல்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பி, தெரபிஸ்ட்டுகள் பின்னாலிருந்து வழிகாட்டும் முறையைப் பல வருடங்களாக நடத்துகிறது. உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில், தெரபி போன்ற சேவைகளை ஒரே இடத்தில் தரும் 'விழுதுகள்' மையங்களும் வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் அதுவும் நாங்கள் பஸ் பிடித்துப் போகும் இன்னொரு கட்டடமாகிவிட்டால் என் மகனுக்கு இன்னொரு பள்ளி நாள்தான் போகும். கட்டடத்திலிருந்து ஆள் கிளம்பி வர வேண்டும். நிரந்தரப் பணியிடம் நிரப்பக் காலமாகும் என்றால், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஓ.டி. படிப்பே நடத்துகிறது, வேலூர் சி.எம்.சி.யும் நடத்துகிறது. அங்கே படித்து முடித்தவர்களில் சிலரை நாள் கணக்கில் ஊதியம் பேசி அழைக்கலாம். ஒருவர் வந்தால் எங்கள் பிள்ளை ஒருவன் மட்டுமில்லை, பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் பிள்ளைகளையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம். நடக்கவே முடியாமல் வீட்டோடு பதிவாகியிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு இப்படி எழுத நேரம்கூட இருக்காது.

ஆகவே, மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாதம் இரண்டு முறை பள்ளிக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கும் ஓர் ஓ.டி.யை அனுப்புங்கள். அவர் எழுதும் பரிந்துரையைத் தலைமையாசிரியரே நிறைவேற்றிக்கொள்ள ஒரு சின்ன உத்தரவும் போடுங்கள், கம்பிக்கும் பலகைக்கும் கோப்பு மாவட்டத் தலைநகர் வரை வர வேண்டாம்.

பதில் எழுதும்போது 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்படிப்பட்ட தாள்கள் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. யார் வருவார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மதிய உணவு இடைவேளைக்கு அரைமணி முன்னால் வரும்படி நேரம் பார்த்தால் நல்லது. அவன் எழுதுவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது மூன்றையும் அவர் நேரிலேயே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்து அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் அம்மா