கழுத்திலிருந்து இறங்கும் ஸ்வெட்டர்

தளி,
மார்கழி 12

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மூட்டு வலி தேவலை என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா?

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. ராகி முற்றி நிற்கிறது, பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் வருகிற நேரம். எங்க வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கக் கொல்லையில் காவல். அவருடைய பழைய ஸ்வெட்டர் முழங்கையில் விட்டுப்போயிற்று. அதனால் கருப்பும் வெள்ளையுமாகப் பூவேலை வைத்து நானே ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன், கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிற மாதிரி.

நாம் பள்ளியில் கற்றது முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாகப் பின்னி, கடைசியில் தைப்பது. தைத்து முடித்த பிறகுதான் இறுக்கமா தொளதொளப்பா என்று தெரியும். இதில் அந்தப் பயம் இல்லை. இரண்டு ஊசியை ஒரு வயர் இணைக்கும் வட்ட ஊசியில் 96 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றினேன். அவருக்கு முதுகு கொஞ்சம் கூனல், அதனால் பின்கழுத்தில் மட்டும் பாதி வழி போய்த் திரும்பி ஆறு வரிசை கூட்டினேன். கழுத்துப்பட்டை இப்போது பிடரியில் அப்படியே உட்காருகிறது. அப்புறம் பூவேலைக்கு நடுவே வரும் ஒற்றை நிறச் சுற்றுகளில் கண்ணிகளைக் கூட்டிக் கூட்டி 312 ஆக்கினேன். கைக்கு 62, 62 என்று தனி நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, அக்குளுக்குப் பத்துப் பத்துக் கண்ணி புதிதாக ஏற்றினால் உடம்புக்கு 208. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என் கணக்கு. அப்படியானால் மார்புச் சுற்று 104 சென்டிமீட்டர், அவருக்குச் சரி.

என்னை அழவைத்தது பூவேலைதான். ஒரு நிறத்தைப் பின்னும்போது மற்ற நிற நூல் உட்பக்கமாகச் சும்மா ஓடும். அதை நான் இழுத்துப் பிடித்திருக்கிறேன். 14 சுற்று முடித்து விரித்துப் பார்த்தால், சுருக்குப்பை வாய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. மொத்தத்தையும் பிரித்தேன். இப்போது நிறம் மாற்றுவதற்கு முன் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளைக் கட்டைவிரலால் நன்றாகப் பரத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த நூலை எடுக்கிறேன். ஐந்து கண்ணிக்கு மேல் ஓட வேண்டி வந்தால் நடுவில் ஒருமுறை இரண்டு நூலையும் முறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் போடும்போது விரல் மாட்டும்.

இன்னொன்றும் கண்டேன். உட்பக்கம் எந்த நூல் கீழாக வருகிறதோ, அந்த நிறம்தான் முன்னால் எடுப்பாகத் தெரியும். ஒருநாள் பாலைக் கறந்துவிட்டு வந்து நூல்களை இடம் மாற்றிப் பிடித்துவிட்டேன். அந்த மூன்று சுற்றில் மட்டும் வெள்ளைப் பூ மங்கி நிற்கிறது. பிரிக்க மனசு வரவில்லை.

ஸ்காட்லாந்துப் பக்கம் ஃபேர் ஐல் என்ற சின்னத் தீவில் இந்த வேலைக்குப் பெரிய பேர். எத்தனை நிறம் இருந்தாலும் ஒரு சுற்றில் இரண்டு நூல்தான் என்பது அவர்கள் வழக்கம். ஆட்டு ரோம நூலில்தான் பின்னுவார்கள். ரோமம் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், உள்ளே ஓடும் நூல் நழுவாது. நம் பக்கத்துக் குறும்பர்கள் நெய்யும் கருப்புக் கம்பளி நினைவிருக்கிறதா? உன் தாத்தா போர்த்தியிருப்பாரே, குத்தும், ஆனால் மழையிலும் கதகதப்பாக இருக்கும். அதை நினைத்துத்தான் அக்ரிலிக் வேண்டாம் என்று பெங்களூர் போய் அசல் கம்பளி நூலாகவே வாங்கி வந்தேன்.

நேற்று விடியற்காலை அவர் காவலிலிருந்து வந்ததும், ஊசியோடு சேர்த்தே தலை வழியாக மாட்டிப் பார்த்தோம். தோள் கச்சிதம். "இன்னும் நாலு விரல் இறங்கட்டும்" என்றார். கருப்பு நூல் இரண்டு உருண்டைதான் மிச்சம். அதனால் உடம்பை அப்படியே நிறுத்திவிட்டுக் கைகளை முதலில் முடிக்கப் போகிறேன். மீதி நூல் எவ்வளவோ அவ்வளவு நீளம் உடம்புக்கு.

வெள்ளையில் ஒரு உருண்டை மிஞ்சும். பேத்தியின் தலைச் சுற்றளவை அளந்து எழுது, தை பிறப்பதற்குள் குல்லா பின்னி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தோழி